கிணற்றுக்குள் நீங்கள் கேட்ட கேள்வி

அண்ணே,

போன வெள்ளிக்கிழமை துணி காயப்போடும் கொடிக்குக் கயிறு வாங்கக் கடைக்குப் போயிருந்தேன். கல்லாவில் இருந்த பெண் மீட்டர் கணக்கைக் கணினியில் தட்டிக்கொண்டிருந்தாள். உள்ளேயிருந்து வந்த பெரியவர், "எத்தன மாரு வேணும்?" என்று கேட்டார். என் பதிலுக்குக்கூட நிற்காமல் தேங்காய்நார்க் கயிற்றின் நுனியை ஒரு கையில் பிடித்து, நெஞ்சுக்குக் குறுக்கே இழுத்து, மறு கையை அகல விரித்தார். நார் வாசனை குப்பென்று மூக்கில் ஏறியது. ஐம்பத்து நாலு வயதுப் பெண், ஊரே டீச்சர் என்று கூப்பிடும் பெண், நடுக்கடையில் சிமெண்டு மூட்டைமேல் உட்கார்ந்து அழுதேன். "கயிறு வெல கூடத்தான்மா, அதுக்காக அழுகலாமா?" என்றார் அந்த மனிதர். அழுகையோடு சிரிப்பும் வந்து தொலைத்தது.

நீங்கள் போய் ஐந்து மாதமாகிறது. நீங்கள் என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்டுப் பதினொரு வருஷமாகிறது. பதில் எனக்கு ஒரே வாரத்தில் கிடைத்துவிட்டது, அண்ணே. கிடைத்ததை உங்களிடம் சொல்லாமல் வைத்துக்கொண்டேன். நீங்கள் விடாமல் கேட்டீர்கள், நானும் விடாமல் பொய் சொன்னேன். இன்று எழுதுவது அந்தப் பதிலைத்தான். எந்த விலாசத்துக்கு அனுப்புவது என்பதை அப்புறம் யோசிக்கலாம்.

முதலில் அந்தச் சித்திரை மாதத்து மத்தியானத்தை நான் சொல்ல வேண்டும். உங்களுக்குத் தெரிந்த கதைதான். ஆனால் என் வாயால் நீங்கள் ஒருநாளும் கேட்டதில்லை.

எங்கள் வீட்டுப் பின்கட்டுக் கிணறு போர் போட்டதிலிருந்து சும்மா கிடந்தது. என் வீட்டுக்காரர் ஆசாரி வீட்டுப் பிள்ளை. ஊரில் பாதி வீடுகளுக்கு அலமாரியும் அடுப்படி வேலையும் செய்து கொடுக்கிறவர். அப்பேர்ப்பட்டவர் சொந்த வீட்டுக் கிணற்றை மிஞ்சிப்போன பிளைவுட் பலகையைப் போட்டு மூடிவைத்திருந்தார். நாலு மழைக்காலம் நனைந்த பலகை. அவரை மட்டும் சொல்லிக் குற்றமில்லை, நானும் தினம் பார்த்துக்கொண்டுதானே இருந்தேன். கொடியிலிருந்து பறந்த சேலை ஒன்று பலகைமேல் போய் விழுந்தது. எடுக்கலாமென்று ஒரு காலை வைத்தேன். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று வருஷாவருஷம் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிறவள்தான் நான்.

விழுந்தது நினைவில்லை. தண்ணீருக்குள் போனதும், மேலே வந்ததும், செம்பூரான் கல் ஒன்று சுவரில் துருத்திக்கொண்டிருந்ததை இரண்டு கையாலும் பற்றியதும் நினைவிருக்கிறது. எனக்கு நீச்சல் தெரியாது. நிமிர்ந்து பார்த்தால் வானம் ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவில் இருந்தது. அந்தத் தட்டின் விளிம்பில் என் வீட்டுக்காரரின் தலை கறுப்பாகத் தெரிந்தது. அவர் கத்துவது எதிரொலித்து எதிரொலித்து எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. பயம் வர வேண்டிய நேரத்தில் எனக்கு முதலில் வந்தது ஆச்சரியம், அண்ணே. இத்தனை வருஷமாக இவ்வளவு பெரிய இருட்டின் பக்கத்திலேதான் துணி துவைத்துக்கொண்டிருந்தோமா என்று தோன்றியது. பயம் அதற்குப் பிறகுதான் வந்தது. அது வந்தபிறகு போகவே இல்லை.

நீங்கள் பின்தெருவிலிருந்து கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, தோளில் கயிற்றுச் சுருளோடு ஓடி வந்தீர்கள் என்று பிற்பாடு சொன்னார்கள். அப்போது உங்களை எனக்கு அவ்வளவாகத் தெரியாது. அரபு நாட்டுத் துறைமுகத்தில் கப்பல் இழுக்கும் படகில் இருபது வருஷம் இருந்துவிட்டு வந்தவர், இப்போது கிணறு தூர் வாருகிறார், மோட்டார் இறக்குகிறார் என்கிற அளவுக்குத் தெரியும். தெருவில் நீங்கள் கடல் கதையை எடுத்தால், "ஆரம்பிச்சுட்டாக, இனி பொழுது சாயிற வரைக்கும் அளப்பாக" என்று மதினி உள்ளேயிருந்து குரல் கொடுப்பது எங்கள் வீடுவரை கேட்கும்.

கயிற்றை அக்குளுக்குக் கீழே கட்டிக்கொண்டு இறங்கி வந்தீர்கள். உங்கள் பாதம் என் தலைக்குமேல் வந்தது. அங்கேயே நின்றுவிட்டது.

"என்ன மாப்ளே, இன்னும் விடு!"

"அம்புட்டுத்தான் மச்சான், கயிறு முடிஞ்சு போச்சு!"

"ஏழு மாருன்னு சொன்னியேடா?"

"ஏழுதான்! நானே அளந்து வச்சேன்!"

"ஒன் கையாலயா அளந்த?"

"பின்ன யாரு கையால அளப்பேன்?"

மேலே கயிற்றைப் பிடித்திருந்த மதினியின் தம்பி ஐந்தடி இருப்பாரா? நீங்கள் ஆறடி. அவர் இரண்டு கையை விரித்தால் ஒரு மார், நீங்கள் விரித்தாலும் ஒரு மார். மாருக்கு ஓரடி குறைந்தால் ஏழு மாருக்கு ஏழு அடி. மேலே இருந்தவர்கள் சேலையை முடிச்சுப் போட்டு நீட்டலாம் என்றார்கள். "வேணாம், ரெண்டு ஆளு கனம் தாங்காது! வீட்டுல வடக்கயிறு கெடக்கு, ஓடிப்போய் எடுத்தா!" என்று நீங்கள் கத்திக்கொண்டிருக்கும்போதே என் விரல் கல்லிலிருந்து வழுக்கிவிட்டது. ஒருவாய்த் தண்ணீர் உள்ளே போனது. நீங்கள் கட்டியிருந்த முடிச்சை அவிழ்த்துவிட்டுக் குதித்தீர்கள். உங்களை மேலே தூக்க இருந்த ஒரே கயிறு, இரண்டு பேருக்குமே எட்டாத உயரத்தில் ஆடிக்கொண்டு நின்றது.

தண்ணீருக்கடியில் எங்கோ ஒரு கல்லில் காலை ஊன்றினீர்கள். முதுகைச் சுவரில் சாய்த்தீர்கள். என்னை நெஞ்சோடு சேர்த்து, இரண்டு கையாலும் சுற்றி வளைத்து, என் முதுகுக்குப் பின்னால் ஒரு மணிக்கட்டை மறு கையால் பிடித்துப் பூட்டினீர்கள். தண்ணீர் உங்கள் கழுத்துவரை இருந்தது. அப்படியே அரைமணி நேரம் நின்றோம்.

"டீச்சர், கண்ண மூடாதீக. ஏதாச்சும் பேசுங்க."

எனக்குப் பல் கிட்டித்துப் பேச்சு வரவில்லை.

"சரி, நான் கேக்குறேன், நீங்க சொல்லுங்க. எங்க போட்டுல வயசான கேப்டன் ஒருத்தரு இருந்தாரு. ஈயக்குண்டு கட்டுன கயித்தக் கடல்ல எறக்கி, இழுக்கும்போது நெஞ்சுக்குக் குறுக்க இழுத்து இழுத்து எண்ணுவாரு. அஞ்சு ஃபேதம், ஆறு ஃபேதம்னு. நம்ம மாருதான் டீச்சர், அச்சு அசலா நம்ம மாரு! நம்ம ஊரு கெணத்து மேட்டுல நின்னு அளக்குற மாதிரியே இருக்கும். ஆறு அடின்னு எனக்குத் தெரியும். ஆனா ஏன் ஃபேதம்னு பேரு வச்சாக? அதுக்கு என்ன அர்த்தம்?"

"தெரியலண்ணே" என்றேன். நான் உங்களை அண்ணே என்றது அதுதான் முதல் தடவை.

"இங்கிலீசு டீச்சருக்கே தெரியாதா! அப்பச் சரி. மேல போய்ப் பாத்து எனக்குச் சொல்லணும். சொல்றீகளா?"

"சொல்றேன்."

"அப்புடிச் சொல்லக் கூடாது. சத்தியமாச் சொல்றேன்னு சொல்லுங்க."

"சத்தியமா."

"அப்ப மேல போயித்தானே ஆகணும்? வாக்குக் குடுத்துட்டீகல்ல" என்று சிரித்தீர்கள். நீங்கள் சிரித்தது என் நெஞ்சில் அதிர்ந்தது. வடக்கயிறு வந்தது. முதலில் என்னை ஏற்றிவிட்டு, அப்புறம் நீங்கள் ஏறினீர்கள்.

அடுத்த திங்கட்கிழமை பள்ளிக்கூட நூலகத்தில் அகராதியை எடுத்து fathom என்ற சொல்லைப் பார்த்தேன். தலையணை கனம் இருக்கும் பழைய அகராதி. இருபது வருஷமாக நான் நடத்திய சொல் அது. 'என்னால் ஃபேதம் பண்ண முடியவில்லை' என்றால் 'எனக்குப் பிடிபடவில்லை, அதன் ஆழம் விளங்கவில்லை' என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தவள் நான். எனக்குத் தெரிந்தது மனசின் ஆழம், உங்களுக்குத் தெரிந்தது கடலின் ஆழம். ஆளுக்குப் பாதி தெரிந்து வைத்திருந்தோம். அந்தப் பக்கத்தில் கீழே, பொடி எழுத்தில், சொல்லின் பிறப்பு எழுதியிருந்தது.

ஆயிரம் வருஷத்துக்கு முந்திய ஆங்கிலத்தில் அந்தச் சொல் விரித்த இரண்டு கைகளைக் குறித்தது. அதை வினையாகச் சொன்னால் கைகளால் சுற்றிக்கொள்வது, அணைத்துக்கொள்வது. அவ்வளவுதான், அண்ணே. அளப்பது முதலில் கிடையாது. அணைப்பதுதான் முதலில். விரித்த கைகளின் நீளத்தால் கயிற்றை அளந்தார்கள். அந்தக் கயிற்றால் கடலை அளந்தார்கள். கடலின் அடியைக் காண்பதற்கு இருந்த சொல், ஒரு காரியத்தின் அடியைக் காண்பதற்கும், ஒரு மனிதரைப் புரிந்துகொள்வதற்கும் வந்து சேர்ந்தது. புரிந்துகொள்வது என்று நான் நடத்திய சொல்லுக்குள்ளே ஒரு காலத்தில் கட்டிப்பிடிப்பது இருந்திருக்கிறது!

எனக்கு மேலெல்லாம் புல்லரித்துவிட்டது. அதே சொல்லின் உடன்பிறப்பு ஒன்று ஜெர்மனியில் நூலுக்குப் பெயராகியிருக்கிறது, கை விரித்து இழுத்த நூல். சுவீடனில் அதற்கு இன்றைக்கும் அணைப்பு என்றுதான் பொருள். பனிக்கடல் ஓரத்தில் வாழ்ந்த அந்த மனிதர்கள் நம்மைப் பார்த்ததில்லை. ஏரியும் ஊருணியும் தவிர வேறு தண்ணீர் காணாத நம் சனங்கள் அவர்களைப் பார்த்ததில்லை. இரண்டு பேரும் கயிற்றை எடுத்தார்கள், நெஞ்சுக்கு நேரே பிடித்தார்கள், கையை விரித்தார்கள். நாம் மார் என்றோம், அவர்கள் ஃபேதம் என்றார்கள். அளப்பதற்கு மனிதனுக்குக் கிடைத்த முதல் கருவி, இன்னொரு உயிரைச் சேர்த்துப் பிடிக்கிற அதே கைகள்தான். நூலகத்து மேசையில் உட்கார்ந்து, அடேயப்பா, அடேயப்பா என்று தனியாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். மணி அடித்தது காதில் விழவில்லை.

உடனே எழுந்து உங்கள் வீட்டுக்கு ஓடி வரத்தான் நினைத்தேன். அப்போதுதான் உறைத்தது. நீங்கள் அந்தக் கேள்வியைக் கேட்ட நேரத்தில் என்ன செய்துகொண்டிருந்தீர்களோ, அதுதான் பதில். அதை எப்படி உங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்வேன்?

அதற்கு ரெண்டு நாள் முன்னால் ரேஷன் கடை வரிசையில் என் காதுபடவே ஒருத்தி பேசினாள். "அரை மணி நேரமாம்ல, அவரு அந்தம்மாவக் கட்டிப் புடிச்சுக்கிட்டே நின்னாராம்." இன்னொருத்தி களுக்கென்று சிரித்தாள். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? சர்க்கரையை வாங்காமலே திரும்பி வந்துவிட்டேன். அன்றிலிருந்து கிணறு என்கிற பேச்சையே நான் எடுக்கவில்லை. வீட்டுக்காரரிடமும் எடுக்கவில்லை. அவரும் கேட்கவில்லை. அவர் கிணற்று வாயில் கான்கிரீட் பலகை போட்டார், நான் அந்தப் பக்கம் போவதை விட்டேன். அவர் கேட்காததற்கு நானாக ஒரு காரணம் வைத்துக்கொண்டேன். ரேஷன் கடையில் நான் கேட்டது அவர் காதிலும் விழுந்திருக்கும், மனசில் ஏதோ இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

நீங்களானால் ஒன்றும் அறியாத பிள்ளை மாதிரி கேட்டுக்கொண்டே இருந்தீர்கள். மீன் கடையில் கேட்டீர்கள். பஸ் ஸ்டாண்டில் நூறு பேருக்கு நடுவில், "டீச்சர், நம்ம ஃபேதம் என்னாச்சு?" என்று கூவினீர்கள். என் மகள் கல்யாணத்தில் பந்திக்குப் போகிற வழியில் நிறுத்தி, "பாத்தீகளா?" என்றீர்கள். "இன்னும் இல்லண்ணே, புஸ்தகம் கெடைக்கல" என்பேன். "என்ன டீச்சர் நீங்க, இங்கிலீசையே வெலைக்கு வாங்குனாப்புல பேசுவீக, ஒத்த வார்த்தைக்கு இத்தன வருசமா?" என்று கேலி பேசுவீர்கள். ஒருதரம்கூட முகம் சுளித்ததில்லை. ஒருதரம்கூடக் கிணற்றைப் பற்றி நீங்களாகப் பேசியதும் இல்லை.

கடைசியாக மதுரை ஆஸ்பத்திரியில் கேட்டீர்கள். மூக்கில் குழாய் இருந்தது. பக்கத்துக் கட்டிலைச் சுற்றி ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். என்னை விரலால் கிட்டே கூப்பிட்டு, "இப்பவாச்சும் சொல்லுங்க டீச்சர்" என்றீர்கள். சொல் என் நாக்கு நுனியில் நின்றது, அண்ணே. பாழாய்ப்போன நாக்கு.

"உடம்பு தேறி வீட்டுக்கு வாங்க, சொல்றேன்" என்றேன்.

குழாயோடு சிரித்தீர்கள். "அது நான் ஒங்ககிட்டச் செஞ்ச வேலைல்ல?" என்றீர்கள்.

மூன்றாம் நாள் நீங்கள் மவுத்தான செய்தி வந்தது. நான் செய்தது உங்களைப் பிழைக்க வைக்கிற தந்திரம் இல்லை, என் மானத்தைக் காத்துக்கொள்கிற தந்திரம். அது உங்களுக்கும் தெரிந்திருக்கும் என்பதை நினைத்தால்தான் எனக்குத் தாங்கவில்லை.

மதினி இத்தா இருக்கும் நாலு மாதமும் பத்து நாளும் முடியும்வரை பொறுத்திருந்தேன். கயிற்றுக்கடையில் அழுத அதே வெள்ளிக்கிழமை சாயங்காலம், "வாங்க, பின்தெருவுக்குப் போயிட்டு வருவோம்" என்று வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன். அவர் எதிரிலேயே சொல்லிவிடுவது, நடப்பது நடக்கட்டும் என்று முடிவு செய்தேன். வழியெல்லாம் சொல்ல வேண்டியதை மனசுக்குள் ஒப்பித்துப் பார்க்க வேண்டியிருந்தது. முப்பது வருஷம் வகுப்பு எடுத்தவளுக்கு!

மதினி டீ கொடுத்தாக. உங்கள் நாற்காலியில் யாரும் உட்காரவில்லை. நான் டீயைத் தொடாமல் ஆரம்பித்தேன். நீங்கள் கேட்ட சொல்லை, கேட்ட இடத்தை, நான் கண்டுபிடித்ததை, பதினொரு வருஷமாக மறைத்ததைச் சொன்னேன். பொருள் சொல்லும் இடம் வந்தது. தலையைக் குனிந்துகொண்டு, "கட்டிப்புடிக்கிறதுன்னு அர்த்தம் மதினி" என்றேன். "ஆளு ஆளக் கட்டிப்புடிக்கிறது."



"இதச் சொல்றதுக்கா இம்புட்டு வருசம்?" என்றாக மதினி. கண் கலங்கி, முந்தானையால் துடைத்துக்கொண்டே சிரித்தாக. "அன்னைக்கு ஈரத்தோட வந்து நின்னாக டீச்சர். ரெண்டு கையையும் கீழ எறக்க முடியல. அப்புடியே வெறச்சுப் போய் வளஞ்சு நின்னுச்சு. நான்தான் தேங்காயெண்ணெ தேச்சு மெல்ல மெல்ல எறக்கி விட்டேன். 'விடலடி, கடைசி வரைக்கும் விடல'ன்னு சின்னப்புள்ள கணக்காச் சொல்லிக்கிட்டே இருந்தாக. இதத்தான் நீங்க ஒளிச்சு வச்சீகளா?"

எனக்கு என் வீட்டுக்காரரை நிமிர்ந்து பார்க்கப் பயமாக இருந்தது. அவர் தம்ளரைக் கீழே வைத்தார்.

"நான் மேல நின்னு பாத்துக்கிட்டுத்தானே இருந்தேன்" என்றார். "கோவிலூர்ச் சாமியில ஆரம்பிச்சு இவுக பள்ளிவாசல் வரைக்கும் ஒண்ணு விடாமக் கும்புட்டேன். அண்ணன் கை தளந்துறக் கூடாது, இன்னும் இறுக்கிப் புடிக்கணும், இன்னும் இறுக்கிப் புடிக்கணும்னு. வேற எதையும் நான் வேண்டல."

அப்புறம் என்னைப் பார்த்து, "நான் போட்ட பலகைதானே ஒடஞ்சுச்சு? அதப் பேசுனா நீ என்ன மன்னிக்க மாட்டியோன்னுதான் நானும் வாயே தொறக்கல" என்றார்.

அண்ணே, ஒரே வீட்டில், ஒரே பாயில், பதினொரு வருஷம் ஆளுக்கு ஒரு பயத்தை வைத்துக்கொண்டு படுத்திருக்கிறோம். ஏழு மார் கிணற்றுக்குள் நீங்கள் ஒரு கேள்வியைப் போட்டு என்னைப் பிடித்து வைத்தீர்கள். மேலே வந்த பிறகும் அதே கேள்வியைப் போட்டுப் போட்டுப் பார்த்தீர்கள். நான் அதைப் பிடித்துப் பதில் சொல்லியிருந்தால் எல்லாம் அன்றைக்கே வெளியே வந்திருக்கும். கட்டிய மனுஷன் மனசை எனக்கு அளக்கத் தெரியவில்லை. தெருவில் யாரோ இரண்டு பேர் சிரித்ததை மட்டும் சுத்தமாக அளந்து வைத்திருந்தேன்.

இந்த வாரம் வகுப்பில் அந்தச் சொல் வந்தபோது பலகையில் எழுதுவதற்கு முன்னால் இரண்டு கையையும் விரித்துக் காட்டினேன். எங்கிருந்து வந்தது என்று சொன்னேன். பிள்ளைகள் சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

பதிலைச் சொல்லியாகிவிட்டது. இதை உங்கள் முகத்துக்கு நேரே சொல்லியிருந்தால் நீங்கள் என்ன செய்திருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். கொஞ்சம் வெட்கப்பட்டு, அந்தப் பக்கம் திரும்பி, அப்புறம் தெருவே அதிரச் சிரித்திருப்பீர்கள். அந்தச் சிரிப்பைக் கேட்காமல் விட்டவள் நான். அது மட்டும் எனக்கு ஆறவே இல்லை, அண்ணே.